லைப்ரரியில் ஒரு தட்டு ஒதுக்குங்களேன்

எங்கள் வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வரும் தீதி (தில்லிப் பக்கம் எல்லா அக்காக்களும் தீதிதான்) ஒரு நாள் காலையில் மணிக்கட்டு வீங்கிப் போய் வந்து நின்றார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். என் மனைவி கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. புருஷன் கையை முறுக்கியிருக்கிறான். முதல் தடவையும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. காய்கறிக்காரரிடம் ஹிந்தியில் பேரம் பேசுவேன், ஆபீஸில் சண்டை கூடப் போடுவேன். ஸ்டேஷனில் பேச வேண்டிய ஹிந்தி வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். தீதி இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். இருந்தது வாடகை வீடு, ஒப்பந்தம் புருஷன் பேரில். அதனால் அந்த வீட்டில் தனக்கு உரிமை இல்லை என்று அவர் நினைத்தார். எம்.சி.ஏ. படித்த நானும் அப்படியேதான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருக்கும் பொது நூலகத்துக்குப் போனேன். சட்டப் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில், தலையணை கனத்தில். அதிலும் பாதி, 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு விடைபெற்றுப் போன பழைய இந்திய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும். மற்றபடி போட்டித் தேர்வு கைடுகள். நூலகர் நல்ல மனுஷர். "என்ன வேண்டும்?" என்று அக்கறையாகக் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. எடுத்துக் கொடுக்க அவரிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

மூன்று வாரம் கழித்து, நண்பரின் நண்பரான ஒரு வக்கீல் பத்தே நிமிஷத்தில் சொன்ன விஷயங்கள் இவை. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நிவாரணம் கேட்க எஃப்.ஐ.ஆர். இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாதுகாப்பு அதிகாரி மூலமாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். வீடு யார் பேரில் இருந்தாலும், அது வாடகை வீடாகவே இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கியிருக்க அவருக்கு உரிமை உண்டு. வக்கீலுக்குக் காசு இல்லையா? 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் செய்தால் போதும்.

பத்து நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். அது தெரியாமல் அந்தக் குழந்தைகள் மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

"எல்லாம்தான் நெட்டில் இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இருப்பது ஒரே போன், அது புருஷன் பாக்கெட்டில். தனியாக போன் இருக்கிற வீட்டிலும் என்ன தேடினாய், யாரோடு பேசினாய் என்று பார்க்கிறவர்கள் உண்டு. வக்கீல் ஆபீஸ் படியேறினாலோ ஸ்டேஷன் வாசலில் நின்றாலோ சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். லைப்ரரிக்குப் போனால் யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். பிள்ளைக்குப் புத்தகம் எடுக்கப் போனேன் என்றால் முடிந்தது. அடிபட்டவருக்கு இந்தக் காலத்தில் இப்படி ஒரு மறைவு வேறு எங்கே கிடைக்கும்?

இது பெண்கள் விஷயம் மட்டுமில்லை. எங்கள் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு பெரியவர் ஆன்லைன் மோசடியில் சேமிப்பில் பெரும் பகுதியை இழந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. 1930-க்கு உடனே சொல்லியிருந்தால், பணம் கைமாறுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு இருந்திருக்கும். அவர் தினமும் பேப்பர் படிக்க லைப்ரரிக்குப் போகிறவர். அந்த நான்கு எண்கள் அங்கே சுவரில் இருந்திருந்தால்? ரயிலில் பறிகொடுத்தவர், வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் இடத்தில் அடிபட்டவர் எல்லாம், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று புதிய சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். குற்றவாளி யார் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போனாலும், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திடம் மனு போடலாம். இது 396-ஆவது பிரிவு. இதையெல்லாம் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இதற்கெல்லாம் பெரிய திட்டம், கட்டடம், கமிட்டி எதுவும் வேண்டாம். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்:

வாசலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. அதில் ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம். பெரிய எழுத்தில், அந்தந்த ஊரில் புழங்குகிற எல்லா மொழியிலும். (எங்கள் பக்கம் ஹிந்தியோடு வங்காளமும் போஜ்புரியும் வேண்டும், பெங்களூரில் என்றால் கன்னடத்தோடு தமிழ்.) கையெழுத்து, ரெஜிஸ்டர், ஆதார் எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. 112, 181, 1098, 1930, 15100 ஆகிய எண்களைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டலாம். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். செல்லாத சட்டப் புத்தகங்களைத் தனியாக எடுத்துவைத்து, "இது இப்போது நடைமுறையில் இல்லை" என்று ஒரு சீட்டாவது ஒட்டலாம்.

எழுதத் தெரிந்தவர்களைத் தேடி அலையவும் வேண்டாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளிலேயே, பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை என்று சொல்வதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. படிவம் 4. அதை எளிய மொழியில் எழுதி ஜெராக்ஸ் எடுத்தால் முதல் பிரசுரம் தயார்.

"நூலகர் என்ன வக்கீலா? அவருக்கு இருக்கிற வேலை போதாதா?" இது நியாயமான கேள்வி. பல நூலகங்களில் ஒரே ஆள்தான் கதவு திறப்பதிலிருந்து பூட்டுவது வரை எல்லாம் பார்க்கிறார். அவர் ஆலோசனை சொல்லவே கூடாது என்பதுதான் என் கட்சியும். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டினால் போதும். ஆலோசனைக்கு ஆள் ஏற்கனவே இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணையத்தின் துணைநிலைச் சட்டத் தன்னார்வலர் திட்டம் 2009-இலிருந்தே உண்டு. சட்டக் கல்லூரிகளிலும் சிறைகளிலும் சட்ட உதவி மையம் நடத்துகிறார்கள். சிறையில் இருப்பவருக்கு அது கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அவரால் அடிபட்டதாகச் சொல்கிறவருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டாமா? வாரத்தில் ஒரு மதியம், நூலகத்தின் ஒரு மூலையில், ஒரு தன்னார்வலர், இரண்டு நாற்காலி.

நூலகம் என்றால் நாம் ரங்கநாதனைத்தான் சொல்வோம். சென்னையிலிருந்து உலகத்துக்கே நூலக இயலைச் சொல்லிக்கொடுத்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு மிச்சமாகிற நேரம் ஒரு மணியோ இரண்டு மணியோ. தீதி மாதிரி ஒருவருக்கு அது மூன்று வாரம்.

தீதி இப்போது இடைக்கால உத்தரவோடு அதே வீட்டில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது. போன வாரம் நான் படிவம் 4-ஐ ஹிந்தியில் ஐம்பது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அந்த நூலகருக்குக் கொடுத்தேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். நியாயம்தான். ஆனால் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன், நாலைந்து தாள்களை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊர் லைப்ரரியில் எப்படி? அடுத்த முறை போகும்போது கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன்.