மாணவியின் மைனரும் துறையின் 16 மணி நேரமும்

கேரளத்தில் நான்காண்டு இளநிலைப் படிப்பு 2024 ஜூலை 1 அன்று தொடங்கியது. திருவனந்தபுரம் வழுதக்காட்டில் உள்ள அரசு மகளிர் கல்லூரியில் முதலமைச்சர் பினராயி விஜயன் அதைத் தொடங்கிவைத்தார். விழாவுக்கு விஞ்ஞானோத்சவம் என்று பெயரிட்டிருந்தார்கள். மாணவர் தம் படிப்பைத் தாமே வடிவமைத்துக்கொள்ளலாம் என்பதே இத்திட்டத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்லப்பட்ட செய்தி. வடிவமைக்கும்போது அவர் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பவர் யார், அப்படிச் சொல்பவருக்கு அந்தத் தேர்வில் சொந்த ஆதாயம் ஏதும் உண்டா என்ற கேள்விகள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. முதல் கேள்வியையாவது சிலர் கேட்டார்கள். இரண்டாவதைக் கேட்பது கல்லூரிகளில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை.

பாறசாலையிலிருந்தோ நெய்யாற்றின்கரையிலிருந்தோ பேருந்தேறி நகரத்துக் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளலாம். முதல் பருவத்திலேயே அவள் தன் மேஜர் பாடத்தோடு வேறு இரண்டு துறைகளிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும், இரண்டு மொழிப்பாடங்களையும், ஒரு பல்துறைப் பாடத்தையும் எடுக்க வேண்டும். பார்வைக்கு இது ஒரு பட்டியலில் குறியிடும் வேலை. ஆனால் அந்த இரண்டு வேற்றுத்துறைப் பாடங்களே பின்னர் அவளுடைய மைனர் எதுவாக இருக்கலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. முதலாண்டின் முடிவில் மேஜரை மாற்றிக்கொள்ள எண்ணினாலும், எந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களை அவள் முன்பே படித்திருக்கிறாள் என்பதே அங்கு முதலில் பார்க்கப்படும். மூன்றாண்டில் 133 கிரெடிட், நான்காண்டில் 177 கிரெடிட் என்ற கணக்கு அவளுக்கு எளிதில் புரிந்துவிடும். பதினெட்டு வயதில் ஜூலை மாதம் போட்ட ஒரு குறி, இருபத்தொரு வயதில் எந்த வாசலைத் திறக்கும், எதை மூடும் என்பது அந்தக் கணக்கில் தென்படாது.

அவள் யாரிடம் கேட்பாள்? வீட்டில் கல்லூரி கண்டவர் இல்லையென்றால், விண்ணப்பத்தை நிரப்பித்தரும் அக்ஷயா மையத்தில் இருப்பவரே அவளுடைய முதல் கல்வி ஆலோசகர். அவர் அன்புடன் உதவுகிறவராகவே இருக்கலாம், ஆனாலும் அவருடைய வேலை படிவத்தைப் பிழையின்றி அனுப்புவதோடு முடிகிறது. அடுத்து வருபவர் ஓராண்டு மூத்த மாணவர். மூன்றாவதாக, கல்லூரியில் அவளுக்கென ஒதுக்கப்பட்ட ஆசிரியர். புதிய விதிகள் அவரை ஆலோசகர் என்கின்றன, வளாகத்தில் அவருக்குப் பழைய பெயர் டியூட்டர். இங்கிலாந்தில் மாணவரின் கட்டுரையை வாரந்தோறும் படித்து அவரோடு வாதிடுபவரைக் குறித்த அந்தச் சொல், கேரளக் கல்லூரிகளில் வகுப்பின் வருகைப்பதிவைப் பார்ப்பவர், 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மன்னிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. டியூட்டரிடம் மாணவர் போவது பெரும்பாலும் ஒப்பு வாங்குவதற்கு. மொழியியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் ஒப்பம் என்றால் கையெழுத்து, மலையாளத்தில் அதே சொல்லுக்குக் கூடவே, உடனாக என்று பொருள். மாணவி எதிர்பார்த்துப் போவது மலையாள ஒப்பத்தை. அவள் பெற்றுத் திரும்புவது தமிழ் ஒப்பத்தை.

இதுவரை சொன்னது ஆள் பற்றாக்குறை, நேரப் பற்றாக்குறை பற்றிய வழக்கமான குறை. இதைக் காட்டிலும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கல்லூரிகளில் ஓர் ஆசிரியர் பணியிடம் நிலைபெற வேண்டுமானால் வாரத்திற்கு 16 மணி நேரக் கற்பித்தல் சுமை காட்டப்பட வேண்டும். பழைய முறையில் இந்தக் கணக்கு ஏறக்குறைய உறுதியானது. ஒரு துறைக்கு இத்தனை வகுப்புகள், அவற்றுக்கு இன்னின்ன துணைப்பாடங்கள் என்று பாடத்திட்டமே வகுத்துவிடும். மாணவர் விருப்பத்திற்கு அதில் பங்கு குறைவு. புதிய முறையில் மணிக்கணக்கின் ஒரு பகுதி மாணவரின் குறியீட்டைச் சார்ந்துவிட்டது. போதிய மாணவர் ஒரு மைனரைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் துறைக்கு வகுப்பு உண்டு, வகுப்பு இருந்தால் மணி நேரம் உண்டு, மணி நேரம் இருந்தால் பணியிடம் உண்டு. அப்படியானால், "எதை எடுக்கட்டும், டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்கும்போது அந்தக் கேள்வி, அவள் அறியாமலே, டீச்சரின் சக ஊழியர் ஒருவரின் வேலையைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. ஆண்டுதோறும் புதிதாக நியமனம் பெற வேண்டிய கெஸ்ட் லெக்சரர் ஒருவர் அதே அறையில் அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கக்கூடும்.

ஆசிரியர்கள் மாணவரை ஏமாற்றுகிறார்கள் என்பது இதன் பொருளன்று. தம் துறையை நேசிக்கும் ஆசிரியர் தம் பாடத்தைப் பரிந்துரைப்பது இயல்பு, அதை நேர்மையோடும் செய்யலாம். மொழித்துறைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. நான்காண்டுத் திட்டம் வந்தபோது தம் பாடவேளைகள் சுருங்கும் என்ற அச்சத்தை மொழியாசிரியர்கள் வெளிப்படையாகவே கூறினார்கள். தமிழ், சமஸ்கிருதம், அரபி போன்ற சிறிய துறைகளில் ஐந்து மாணவர் கூடுவதும் குறைவதும் ஒரு துறையின் எதிர்காலத்தைப் பற்றிய செய்தியாகிவிடும். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஒரு நியாயமான அச்சத்தைத் தணிக்கும் பொறுப்பைப் பதினெட்டு வயதுப் பெண்ணின் விண்ணப்பப் படிவத்தின் மீது இறக்கிவைப்பது நியாயமாகாது. துறைகளைக் காக்க வேண்டியது அரசின் பணி. தமிழ்த்துறையோ அரபித்துறையோ ஒரு மாநிலத்துக்குத் தேவையென்றால், தலையெண்ணிக்கை பாராமல் அதற்கு இடம் ஒதுக்கலாமே.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஆலோசகரும் ஒன்றாகப் பிறந்தவையல்ல. ஹார்வர்டில் 1869 முதல் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் விருப்பப்பாட முறையை விரிவாக்கினார். முதலாண்டு மாணவர்களுக்கான ஆலோசகர் குழு அங்கு அமைந்தது 1889இல்தான். தேர்வு முன்னே வந்தது, துணை வெகுகாலம் பின்தங்கி வந்தது. பிறகு அத்துறையே ஒரு கல்விப்புலமாக வளர்ந்தபோது, டெர்ரி ஓபேனியன் 1972இல் ஆலோசனையை ஐந்து படிகளாக வரிசைப்படுத்தினார்: வாழ்க்கை இலக்கு, தொழில் இலக்கு, படிப்புத்திட்டம், பாடங்கள், கடைசியாகக் கால அட்டவணை. அந்த வரிசை எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கை இலக்கைப் பதினெட்டு வயதில் கேட்பது சற்று மிகையும்கூட. ஆயினும் கல்லூரிகளில் நடப்பதை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் ஏணி தலைகீழாக நிற்பது தெரியும். எந்த வகுப்பு எந்த நேரத்தில் மோதாமல் அமைகிறது, எந்தப் பிரிவில் இடம் மிச்சம் உள்ளது என்பதிலிருந்து உரையாடல் தொடங்குகிறது. மற்ற நான்கு படிகளுக்கு நேரம் இருப்பதில்லை.

காகிதத்தில் நேரம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தலோடு, மாணவர் வழிகாட்டலுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரத்தையும் பேசுகிறது. ஆனால் பணியிடம் கணக்கிடப்படும்போது எண்ணப்படுவது முன்னது மட்டுமே. எண்ணப்படாத நேரம் எவ்வளவு விரைவில் ஆவியாகும் என்பது கல்லூரியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். நாக் குழுவும் தன் பங்குக்கு ஆலோசகர்–மாணவர் விகிதத்தைக் கேட்கிறது. விகிதத்தை ஒரு பிற்பகலில் தயாரித்துவிடலாம். பெயர்ப்பட்டியலை ஆசிரியர்களுக்குள் பிரித்து, ஒரு பதிவேடு திறந்து, சந்திப்பு நாள் என்ற கட்டத்தில் தேதிகளை இட்டால் போதும். அந்தச் சந்திப்பில் ஒரு மாணவி தன் மனத்தை மாற்றிக்கொண்டாளா, மாற்றியிருந்தால் அது அவளுக்கு நன்மையா என்பதை அறிய எந்தக் கட்டமும் இல்லை.

ஒரு மறுப்பு எழும். பாடத்தை அறிந்தவர்தானே அதைப் பற்றிச் சொல்ல முடியும், வேற்றுத்துறை ஆசிரியருக்கு வரலாற்றுத் துறையின் 200ஆம் நிலைப் பாடம் பற்றி என்ன தெரியும்? உண்மை. அதனால் பாடத்தைப் பற்றிய தகவலைத் துறையே தரட்டும். எடுக்கலாமா வேண்டாமா என்ற உரையாடல் மட்டும், அந்தத் தேர்வால் மணி நேரம் கூடவோ குறையவோ செய்யாத ஒருவரோடு நடக்க வேண்டும். முதல் இரு பருவங்களுக்கு மேஜர் துறைக்கும் கேட்கப்படும் மைனர் துறைக்கும் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை ஒதுக்குவதற்குப் பெரும் செலவில்லை. சிறிய கல்லூரியிலும் கணித ஆசிரியர் தமிழ் மாணவியோடு பேசலாம், பொருளியல் ஆசிரியர் தாவரவியல் மாணவனோடு பேசலாம். அவ்வாறு செலவிடும் நேரம் கற்பித்தல் நேரமாகவே எண்ணப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் இதுவும் மற்றொரு பதிவேடாகிவிடும். பேசியதன் சாரம் அரைப்பக்கத்தில் எழுதப்பட்டு மாணவியின் கையிலும் இருக்க வேண்டும்: என்ன கேட்டாள், என்ன சொல்லப்பட்டது, எது உறுதி, எது உறுதியில்லை. ஆய்வு மாணவருக்குப் பெயர் குறிக்கப்பட்ட ஒரு நெறியாளர் இருக்கிறார், அவருடைய பொறுப்பு ஆவணத்தில் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உறுதியாவது இளநிலை மாணவிக்கும் கிடைத்தால் என்ன கெட்டுவிடும்?

விதி மாறும்வரை மாணவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள ஒழுங்குமுறையையும் பாடத்திட்டத்தையும் பதிவிறக்கி, தன் சேர்க்கை ஆண்டுக்கு உரியது எது என்று முதலில் பார்க்க வேண்டும், பழைய சிபிசிஎஸ்எஸ் மாணவர்களின் அனுபவம் இங்கே செல்லாது. இந்தப் பாடத்தை இப்போது எடுத்தால் மூன்றாம் பருவத்தில் எவை திறந்திருக்கும், எவை மூடும் என்று கேட்க வேண்டும். மைனர் வகுப்பு நடைபெறக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும், அவ்வளவு பேர் சேராவிட்டால் தனக்கு என்ன மாற்று என்றும் கேட்கலாம். ஆசிரியப் பணியை எண்ணுகிறவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். கேரளத்தில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் பணிக்கான தகுதிகளில், அறிவியல், கணிதம் போன்றவற்றில், முதன்மைப் பாடத்தோடு எந்தத் துணைப்பாடம் படித்திருக்க வேண்டும் என்பதும் குறிக்கப்படுவதுண்டு. தான் எடுக்கும் மைனர் அந்தத் துணைப்பாடத்தின் இடத்தில் ஏற்கப்படுமா என்பதைப் பேச்சளவில் அல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. துறைத்தலைவரிடம் மின்னஞ்சலில் கேட்பது மரியாதைக் குறைவாகாது. "சார், நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று இரண்டு வரி எழுதினால் எந்த நல்ல ஆசிரியரும் வருந்தமாட்டார்.

கேரளப் பல்கலைக்கழகத்துக்குத் துறை கடப்பது புதிதல்ல. தமிழ்ப் பேராசிரியராக இருந்த வ. அய். சுப்பிரமணியம் தலைமையில்தான் 1963இல் இங்கே மொழியியல் துறை உருவானது. ஒரு துறையின் எல்லையைக் கடந்தவர்களால் இன்னொரு துறை பிறந்த ஊர் இது. இன்று பாளையத்திலுள்ள ஒரு கல்லூரியில் தமிழை மேஜராக எடுத்தவள் புள்ளியியலையோ உளவியலையோ மைனராக விரும்பினால், அந்த விருப்பத்தை இழப்பாகக் கருதாத ஒருவராவது அவளுக்கு வாய்க்க வேண்டும்.

2024இல் சேர்ந்த முதல் அணி 2027இல் ஆறாம் பருவத்தின் முடிவை எட்டுகிறது. மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேறுவதா, நான்காம் ஆண்டில் தொடர்வதா என்று ஒவ்வொருவரும் அப்போது தீர்மானிக்க வேண்டும். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுச் சட்டகத்தின்படி, ஆய்வுடன் கூடிய ஆனர்ஸுக்கு முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அந்த எல்லையைத் தொடாதவர்களுக்கு நான்காம் ஆண்டு எதைத் தரும், இரண்டாண்டு முதுகலைக்குப் போவதோடு ஒப்பிட்டால் எது மேல், வீட்டின் பொருளாதாரம் இன்னோர் ஆண்டைத் தாங்குமா என்ற கேள்விகளோடு அவர்கள் ஆசிரியர் அறைக்கு வருவார்கள். நான்காம் ஆண்டு வகுப்புகளும் மணிக்கணக்கில் சேரும்.