பெயரறியாக் காய்ச்சல்

மருத்துவச் சீட்டில் ‘மூளைக் காய்ச்சல்’ என்று எழுதியிருந்தால், நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நண்பர்களே, இன்னும் தெரியவில்லை என்பதற்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெயர்! விஞ்ஞானம் பயிலும் நான் இதை மூன்றாண்டுகளுக்கு முன்பே வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விருத்தாசலத்தை அடுத்த எங்கள் ஊரில், என் பெரியம்மாவின் பேரனுக்குக் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. வயது ஏழு. முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். “முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காது” என்று யாரோ சொல்ல, வீடே மறுத்துவிட்டது. கட்கியிலிருந்த என்னைத் தொலைபேசியில் கேட்டார் பெரியம்மா: “படிச்ச பிள்ளை, நீ சொல்லுப்பா.”

“பெரியவங்க பார்த்துச் செய்யுங்க பெரியம்மா” என்றேன். பணிவு என்று அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டேன். கோழைத்தனம் அது. சிறுவன் பிழைத்தான், பேச்சுக் குழறுகிறது, வலக்கையைத் தூக்க முடியவில்லை. எந்தக் கிருமி என்பது இன்றளவும் தெரியாது.

அந்த ஊசி குத்தப்படுவது, தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்கும் கீழே. மூளையில் அழுத்தம் மிகுந்திருந்தால் டாக்டர்களே பொறுத்துத்தான் செய்வார்கள். இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் அயல்நாட்டுச் சரக்கன்று. இந்தியாவில் அது மனிதரிடம் முதன்முதல் இனங்காணப்பட்டது 1955இல், நம் வேலூரில். நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமும் கொக்கிடமும் கிருமியை வாங்கி நமக்குத் தருகிறது. கிருமி புகுந்தவரில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவரே கடும் நோயுறுகிறார். மூளை தாக்குண்டவரிலோ நூற்றுக்கு முப்பது பேர் வரை மாள்கின்றனர்.

இரத்தத்தைச் சோதித்தால் போதாதா? டெங்குவும் இதுவும் ஒரே குடும்பத்துக் கிருமிகள். ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பொருள் மற்றதன் சோதனையிலும் தலைகாட்டிக் குழப்பும். தண்டுவட நீரில் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் தென்பட்டால், போர் மூளையிலேயே நடக்கிறதென்று துணியலாம். முதல் சில நாட்களில் அதுவும் தென்படாமற் போகலாம். மீண்டும் சோதிக்க வேண்டிவரும். இதற்கான எலைசாப் பெட்டிகள் ஆக்கப்பட்டு நாடெங்கும் செல்வது இந்தப் புனேயிலிருந்துதான். 1952இல் தொடங்கப்பெற்று, இன்று தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் எனப்படும் நிலையத்திலிருந்து. பெட்டி இருந்தென்ன? அதில் விட ஒரு துளி நீர் தர மறுத்தோமே!

“பெயர் தெரிந்தால் மட்டும் மருந்து உண்டோ?” என்று விடுதித் தோழர் ஒருவர் மடக்கினார். ஜப்பானியக் காய்ச்சலின் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லைதான். ஆனால் அதே வேடமிட்டு வருபவை எத்தனை! ஹெர்ப்பிஸ் கிருமிக்கு அசைக்ளோவிர் உண்டு. 2005இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தை ஜப்பானியக் காய்ச்சல் சூறையாடியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர்த் தடுப்பூசி வந்தது. அப்படியும் கோரக்பூரில் குழந்தைகள் மடிந்தவண்ணம் இருந்தனர். 2015இல் சென்னைத் தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனத்தாரும் பிறரும் ஆராய்ந்தபோது, சோதித்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஸ்கிரப் டைபஸின் அடையாளம் கண்டனர். அது சிற்றுண்ணி கடித்து வருவது. காலத்தே கொடுத்தால் டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படுவது. இத்தனை காலம் பழியைக் கொசு சுமந்திருக்கிறது!

நம் மன்றம் ஆண்டுக்கு இரண்டு பட்டிமன்றம் நடத்துகிறது. கம்பனும் இளங்கோவும் ஒரு மாலை நமக்கு விடுப்புக் கொடுக்கமாட்டார்களா? கட்கித் தமிழர் வீடுகளிலும் அந்த முதுகு ஊசிப் பயம் அப்படியே இருக்கிறது, விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பேச நான் வருகிறேன். உடன் வருவோர் பெயர் கொடுங்கள்.