காலடியில் கிடக்கும் பெயர்கள்

ஜெர்மனியின் பெரும்பாலான பெரிய ஊர்களில் தெருவில் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தால், சில வீட்டு வாசல்களில் நடைபாதைக் கற்களுக்கு நடுவே பித்தளை மின்னுவது தெரியும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், அவ்வளவுதான். "இங்கே வசித்தவர்" என்று ஆரம்பித்து பெயர், பிறந்த வருடம், நாஜிகள் பிடித்துக்கொண்டு போன வருடம், கொல்லப்பட்ட இடம். வீட்டில் நாலு பேர் என்றால் நாலு கல், பக்கத்துப் பக்கத்தில்.

குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் கொலோன் நகரில் ஆரம்பித்த வேலை இது. 1996-ல் பெர்லினில் பதித்தபோது அனுமதி கூட வாங்கவில்லை! 2023-ல் ஒரு லட்சத்தைத் தொட்டது.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. மியூனிக் நகராட்சி 2004-ல் பொது இடங்களில் இந்தக் கற்களுக்குத் தடை போட்டது. அங்குள்ள யூத சமூகத்தின் தலைவி சார்லோட் க்னோப்ளோக் கடுமையாக எதிர்த்தார். செத்தவர்களின் பெயரை மறுபடியும் காலில் மிதிப்பதா என்பது அவர் கேள்வி. நாஜி காலத்தில் குழந்தையாக ஒளித்து வைக்கப்பட்டு உயிர் தப்பியவர் அவர். அவர் கேட்பதை அலட்சியமாக ஒதுக்க முடியாது.

ஆனாலும் கல் வாசலில்தான் இருக்க வேண்டும். ஏன் என்றால், கொலை எங்கோ ஆஷ்விட்ஸில் நடந்தது, களவு இந்த வாசலில் நடந்தது. கொண்டுபோவதற்கு முன் அவர்களையே சொத்துப் பட்டியல் எழுத வைத்தார்கள். துணிமணி, பாத்திரம் வரை கணக்கு! 1941 நவம்பரில் வந்த சட்டப்படி, நாட்டு எல்லையைத் தாண்டியதும் யூதரின் சொத்து அரசுக்குப் போய்விடும். வண்டியில் ஏற்றித் தாண்ட வைத்ததும் அதே அரசுதான். பிறகு ஏலம். ஹாம்பர்க் போன்ற ஊர்களில் சாதாரண ஜனங்கள் வந்து கட்டிலும் அலமாரியும் மலிவாக எடுத்துப் போனார்கள். இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நடந்ததாம்!

அருங்காட்சியகத்துக்கு விருப்பம் இருப்பவன் போவான். வாசல் கல்லோ பால் வாங்கப் போகிறவன் கண்ணிலும் படும்.

2018 முதல் மியூனிக்கில் வேறு வழி: சுவரில் பலகை, அல்லது வீட்டின் முன் கம்பம், இரண்டும் கண் மட்டத்தில். பெயரும் விலாசமும் அதே இடத்தில் இருப்பதால் இதைக் குறை சொல்வதற்கில்லை. குறை 2004-ல் நடந்ததில்தான். ஒரு கணவன் மனைவிக்காக அவர்கள் வீட்டு முன் பதித்திருந்த கற்களை நகராட்சியே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது.