குலக்குறிக் கம்பமும் குடிமல்லத்துக் கல்லும்

கனடா நாட்டு வான்கூவர் நகருக்குச் சென்று மீளும் நம்மவருள், ஸ்டான்லி பூங்காவின் குலக்குறிக் கம்பங்கள் முன்னே நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளாதார் அரியர். திருப்பதியிலும் சித்தூரிலும் நம் இல்லங்களில் அப்படங்களைக் காட்டுங்கால் அவர்கள் தரும் விளக்கம் இரு வகைப்படும். 'அது செவ்விந்தியர் கும்பிடும் சாமி' என்பது ஒன்று. 'கடல் கடந்த தமிழன் நட்டுவைத்த கந்தின் வழிவந்தது' என்பது மற்றொன்று. முன்னது அறியாமை, பின்னது அறியாமைக்கு மாலை சூட்டியது. இரண்டையும் மறுப்பதற்கே இதனை எழுதுகின்றேன்.

அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்குக் கடலோரத்தில் வாழும் ஹைடா, த்லிங்கிட், நிஸ்கா, ஹைஸ்லா முதலிய தொல்குடியினர் சிடார் மரத்தில் இக்கம்பங்களைச் செதுக்கி நிறுத்துகின்றனர். அவற்றிற் காணும் அண்டங்காக்கையும் கரடியும் திமிங்கிலமும் வழிபடு தெய்வங்கள் அல்ல. இன்ன குடியின் முன்னோன் இன்ன உயிரைச் சந்தித்தான், அதனால் இன்ன சின்னமும் இன்ன உரிமையும் எமக்குண்டு என்று சாற்றும் வரலாறு அது. இறந்தார் நினைவுக்கு நிறுத்துவதும் உண்டு. கடனைத் திருப்பித் தராத பெரிய மனிதனை நாணச் செய்ய நிறுத்துவதும் உண்டு. (இப்பின்னைய வழக்கம் நம்மிடையே இருந்திருந்தால் ஊர்தோறும் காடு வளர்ந்திருக்கும்.) கம்பம் நிறுத்தும் நாளில் பெருவிருந்து நடக்கும். வந்தோர்க்குப் பரிசில் வழங்கப்படும். அது கொடைப் பெருமைக்கு மட்டும் அன்று. வந்தவர் சாட்சிகள், பரிசில் சாட்சியத்துக்குரிய கடன். சாட்சி இல்லையேல் கம்பம் வெறும் மரம்.

இந்த நுட்பத்தை வெள்ளையர் அரசு நன்கு உணர்ந்திருந்தது போலும். 1885 முதல் 1951 வரை அவ்விருந்தைக் கனடா சட்டத்தால் தடுத்தது. அவ்விடைக்காலத்தில் கம்பங்கள் பெயர்க்கப்பட்டு அயல்நாட்டு அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. ஹைஸ்லா குடியினரின் கம்பமொன்று 1929இல் பெயர்க்கப்பட்டுச் சுவீடன் சென்றது, 2006இல்தான் மீண்டது. அதே 1929இல் எடுக்கப்பட்டு ஸ்காட்லாந்தை அடைந்த நிஸ்கா குடியினரின் கம்பம் 2023இல் ஊர் திரும்பியது. மரத்துண்டுக்காகவா இத்துணைப் போராட்டம்? பறிபோன பத்திரத்தைக் கேட்டனர் என்க.

இனி, தமிழனே நட்டான் என்பார்க்கு வருவோம். கந்து நம்மிடம் இருந்தது உண்மை. கந்து நின்ற பொதியிலில் மகளிர் விளக்கேற்றியதைப் பட்டினப்பாலை கூறும். மணிமேகலையிலோ தூணில் உறையும் கந்திற்பாவை வாய்திறந்து வருவதுரைக்கும். ஆயினும் ஒத்திருப்பதெல்லாம் உறவாகிவிடாது. நிலத்தை உரிமை கொண்டாடி இறந்தாரை நினைக்கும் எக்குடியும் கல்லையோ மரத்தையோ நடும். அவர்தம் சிற்பியின் புகழைப் பறித்து நம் தலையிற் சூடிக்கொள்வதும், அவர்தம் கம்பத்தை வெட்டிக் கப்பலேற்றியதும் ஒரே குணத்தின் இரு செயல்கள். நம் திருப்பதியில் கங்கம்மா சாத்தரையின்போது தாத்தய்யகுண்டாக் கோயில் முன்னுள்ள தூணுக்கு நீராட்டி, மஞ்சள் தோய்ந்த துணி சுற்றுகின்றனர். அதனைக் காணும் வெளிநாட்டான் ஒருவன், 'இவ்வூரார் தூணைக் கும்பிடுவோர்' என்று எழுதிவிட்டுப் போனால் நாம் பொறுப்போமா?

பெருமை வேண்டுவோர் அருகிலேயே தேடலாம். திருப்பதியிலிருந்து அரைநாட் பொழுதில் போய்வரத்தக்க தொலைவில், ஏர்ப்பேடு அருகே குடிமல்லம் உள்ளது. ஏறத்தாழ 5 அடி உயரமுள்ள இலிங்கம். அதன் முகப்பிலே ஒரு கையில் ஆட்டுக்கிடாயும் மறுகையில் கலமும் தோளில் மழுவுமாக ஒருவன், குறள் உருவொன்றன் தோள்மீது நிற்கின்றான். கி.மு. காலத்தது என்பார் பலர். பிற்பட்டது என்பாரும் உளர். 1911இல் கோபிநாதராவ் இதனை உலகறியச் செய்தார். வான்கூவர் சென்ற நம் குடும்பங்களுள் குடிமல்லம் சென்றவை எத்தனை?

எனினும், அக்கம்பங்களுக்குச் செயலால் உண்மையில் நெருங்கியவை நம் நடுகற்களே. கல்லைத் தேர்ந்து காண்பதும், நீராட்டுவதும், நடுவதும், படைப்பதும், வாழ்த்துவதும் ஊர் கூடிச் செய்வன என்பதைத் தொல்காப்பியம் காட்டும். ஆநிரை மீட்டு வீழ்ந்தான் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக நிலம் அளித்த செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு. ஆகக் கல்லே பத்திரம், ஊரே சாட்சி. செங்கம் பகுதியில் எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மன் காலத்தில் தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் காத்துவைத்திருக்கிறது. பலமநேர், புங்கனூர்ப் பகுதிகளில் பாணரும் நுளம்பரும் பொருத காலத்துக் கற்கள் பல. அவை ஒரு மொழிக்கு மட்டும் உரியனவல்ல. தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் உள. இவற்றுள் துணி துவைக்கும் கல்லானவையும் எண்ணெய் வண்ணத்துள் எழுத்து மறைந்தவையும் எத்தனையோ!

'அருங்காட்சியகத்தில் சேர்த்துவிடலாமே' என்பர். ஊர்ப்பெயரும் நின்ற இடமும் குறிக்கப்படாமற் போன கல், சுவீடன் சென்ற கம்பத்தின் நிலையையே அடையும். 'பழைய எழுத்தை யார் படிப்பார்?' என்பது அடுத்த வினா. கல்வெட்டெழுத்தைச் சில திங்களிற் பயிலலாம். தமிழே அறியாத பிள்ளைக்கு எத்தனை திங்கள் தருவது? திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழ். அவற்றைத் தாங்கிய சுவர்களைக் கடந்து வரிசையில் நகரும் நம் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் நன்கு படிக்கின்றனர், மகிழ்ச்சியே. சுவரில் இருப்பது தம் பாட்டனார் மொழி என்பதை அவர்களுக்குச் சொல்லாதவர் நாம்தாம். ஆந்திர அரசைக் குறைகூறிப் பயனில்லை.

நம் சங்கத்து ஆண்டுச் சுற்றுலாவுக்கு மீண்டும் கடற்கரையே முன்மொழியப்பட்டிருப்பதாக அறிகின்றேன். நான் குடிமல்லத்தை முன்மொழிகின்றேன். மறுநாள் பலமநேர்ப் பக்கம் செல்வோம். நிலத்துக்குரியவரிடம் அவர்தம் மொழியில் இசைவு கேட்டு, பிள்ளைகள் கையாலேயே ஒரு கல்லை நீர்விட்டுக் கழுவுவோம். வண்ணம் பூசவேண்டா.