சங்கத்துக்குப் பேர் வைக்கவும் முதலாளியைக் கேட்கணுமா?

காலை ஆறு மணிவாக்கில் பென்னலூர் பக்கம், பெங்களூர் ரோட்டோரமாய் நின்று பாருங்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணில் பாதித் தூக்கம். கம்பெனி பஸ் வந்ததும் இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவார்கள். பஸ் வரும்வரை டீக்கடையில் நடக்கிற பேச்சில் ஒரு வாக்கியம் கட்டாயம் வந்து விழும்: "யூனியன் வந்தா கம்பெனி ஓடிரும்பா."

டீக்கடையில் மட்டுமா? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூமே தட்டிக்கொண்டிருக்கும் ஃபைனல் இயர் மாணவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அமைச்சர்கள் கொஞ்சம் நாசூக்காக "முதலீட்டுச் சூழல்" என்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இந்தப் பகுதியை விட்டு ஓடிய கம்பெனிகளின் கணக்கைப் பார்த்துவிடலாம். நோக்கியா. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த ஆலை, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அங்கே யூனியன் இருந்தது, வேலைநிறுத்தமும் நடந்திருக்கிறது. ஆனால் ஆலை மூடியது அதனாலா? வருமான வரித்துறையோடு வழக்கு, சொத்து முடக்கம், அதற்கு மேல் தமிழக அரசே கேட்ட 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி. இந்தச் சிக்கலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டது. அடுத்து ஃபோர்டு, மறைமலைநகர். மூடப்போவதாக 2021-ல் அறிவித்தபோது அந்தக் கம்பெனியே சொன்ன காரணம், பத்தாண்டுகளில் சேர்ந்த 200 கோடி டாலருக்கு மேற்பட்ட நஷ்டம். கார் விற்கவில்லை ஐயா! அதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு இடத்திலும் கடைசி நாள்வரை கேட்டருகில் நின்று "மூடாதீர்கள்" என்று கத்தியது யார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது சாம்சங்குக்கு வருவோம். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்யும் ஆலை. 2007-லிருந்து ஓடுகிறது. 2024-ன் நடுவில் தொழிலாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சி.ஐ.டி.யு. சார்புடையது. பதிவு செய்யச் சொல்லித் தொழிலாளர் துறைக்கு மனு போட்டார்கள். மனு அப்படியே கிடந்தது. செப்டம்பர் 9-ம் தேதி வேலையை நிறுத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 37 நாட்கள்.

கேட்டது சம்பள உயர்வு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. "இந்த வட்டாரச் சராசரியைவிட அதிகமாகவே தருகிறோம்" என்றது கம்பெனி. இருக்கட்டுமே. முட்டுக்கட்டை விழுந்த இடம் அதுவல்ல. சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்ற சொல் வரக்கூடாதாம். அது அவர்களுடைய டிரேட்மார்க்காம்!

சிரிப்பதா, அழுவதா? சங்கம் என்ன அந்தப் பேரில் ஃபிரிட்ஜா விற்கப்போகிறது? சாம்சங்கின் சொந்த ஊரான தென் கொரியாவில் அதே பேரோடு தொழிற்சங்கம் இருக்கிறது. 2024 ஜூலையில் வேலைநிறுத்தமே செய்தது. சங்கமே கூடாது என்று பல ஆண்டு பிடித்த பிடிவாதத்தை விட்டுவிடுவதாக 2020-ல் அந்தக் குழுமத்தின் துணைத் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சொன்னார். கொரியாவில் கேட்ட மன்னிப்பு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குச் செல்லாது போல :-)

கம்பெனி ஆட்சேபிப்பதில்கூட ஆச்சரியமில்லை. முதலாளி முதலாளி மாதிரிதான் பேசுவார். கோபம் வரவேண்டியது அரசின் மேல். அப்போது நடப்பில் இருந்தது 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். அதில் பெயரைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. ஏற்கெனவே பதிவான வேறொரு தொழிற்சங்கத்தின் பெயரோடு குழப்பம் வந்தால், பதிவாளர் பெயரை மாற்றச் சொல்லலாம். அவ்வளவுதான். "முதலாளிக்குச் சம்மதமா?" என்று கேட்கச் சொல்லும் வரி அந்தப் பிரிவில் கிடையாது. விதிகள் பூர்த்தியானால் பதிவாளர் பதிவு செய்தாக வேண்டும். பிறகு எந்த அடிப்படையில் கம்பெனியின் ஆட்சேபணைக்காகக் காத்திருந்தார்கள்?

காத்திருந்ததோடு விட்டார்களா? மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். வேலைநிறுத்தத்தில் இருந்த சங்கத்தை விட்டுவிட்டு வேறொரு தொழிலாளர் குழுவோடு கம்பெனி உடன்பாடு போட்டது. அக்டோபர் இரண்டாம் வாரம் போராட்டப் பந்தலைப் போலீஸ் பிரித்தது, கைதுகள் நடந்தன. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே முகம் சுளித்தன. அக்டோபர் 15-ல் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கம் பதிவானதோ உயர்நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜனவரி கடைசியில். ஒரு தாளில் முத்திரை குத்த ஏழு மாதம்!

இதில் உறுத்துகிற இன்னொன்றும் உண்டு. அந்த 1926 சட்டம் வந்ததற்கே சென்னைதான் காரணம். 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து நடத்திய மெட்ராஸ் லேபர் யூனியன் மேல் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் நிர்வாகம் வழக்குப் போட்டு, உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்தினாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற நிலை வந்ததால்தான், 1921-ல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் பாதுகாப்புச் சட்டம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். பெரம்பூரில் பிறந்த பிரச்சினைக்குப் போட்ட சட்டத்தை, நூறு வருஷம் முடியப்போகிற நேரத்தில் அங்கிருந்து அரை நாள் சைக்கிள் தூரத்தில் படிக்கத் தெரியாமல் போய்விட்டது.

"முதலீடு ஓடிவிடும்" பல்லவி இங்கே மட்டும் பாடப்படுவதல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது ஏறக்குறைய அரசாங்கக் கொள்கை. டென்னசி மாநிலம் சட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகன் ஆலை இருக்கிறது. 2024 ஏப்ரலில் அங்கே யூனியன் வேண்டுமா என்று ஓட்டெடுப்பு. அதற்கு முந்தைய நாள் டென்னசி, அலபாமா, ஜார்ஜியா, டெக்சாஸ் உள்ளிட்ட ஆறு மாநில ஆளுநர்கள் கூட்டறிக்கை விட்டார்கள்: யூனியன் வந்தால் வேலை போகும். தொழிலாளர்களில் 73 சதவீதம் பேர் யூனியனுக்கே ஓட்டுப் போட்டார்கள். ஆலை இடம் பெயர்ந்துவிடவில்லை.

அமெரிக்கா சொர்க்கம் என்பதல்ல பேச்சு. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள் 2022-ல் ஓட்டெடுப்பில் ஜெயித்தும், வருஷக்கணக்கில் நிர்வாகம் பேச உட்காரவே இல்லை. ஆனால் அந்தச் சங்கத்தின் பேரே "அமேசான் லேபர் யூனியன்". அந்தப் பேரோடு ஓட்டுச்சீட்டில் வருவதை யாராலும் தடுக்க முடியவில்லை. 1935-லிருந்து அங்கே இருக்கும் சட்டப்படி, பெரும்பான்மை காட்டிய சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் பதிவு வாங்கினாலும் "உன்னோடு பேசமாட்டேன்" என்று நிர்வாகம் சொல்லலாம் என்பதுதான் 2025 நவம்பர் வரை நிலையாக இருந்தது. மகாராஷ்டிரம் 1971-லேயே அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் போட்டது. "தொழில்வளர்ச்சியில் முதலிடம்" என்று மார்தட்டும் தமிழகம் அதைச் செய்யவில்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் போய், மத்திய அரசின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு இருந்தால் அந்தச் சங்கத்தோடுதான் நிர்வாகம் பேசவேண்டும் என்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். கூடவே எந்த ஆலையிலும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காமல் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. பாதிப் பேர் சேர்ந்து லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தானாம். அதைவிட முக்கியம், "தொழிலாளி" யார் என்று சொல்லும் வரி. அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருபவர் தொழிலாளி இல்லை. அதாவது லைனில் நின்று அதே ஸ்க்ரூவை முடுக்கினாலும் அந்த 51 சதவீதக் கணக்கில் அவர் சேரமாட்டார். ரெஸ்யூமே தட்டும் நண்பர்கள் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அதில் என்ன பேர் போட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.