ஓரிக்கு மாலை, உழுபவனுக்கு?

கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் சர்க்கார் விழா எடுக்கிறது. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், தோழர்களே, ஓரி மாண்டது யார் கையால்? கடல் கடந்து வந்த அந்நியன் கையால் அல்ல. சேரனுக்காகப் படை திரட்டி வந்த திருமுடிக்காரி ஓரியைக் கொன்றான். மலையைச் சேரனிடம் ஒப்படைத்தான். தமிழனைத் தமிழனே வெட்டிய சண்டை!

வேடிக்கை என்னவென்றால், கொன்றவனும் மாண்டவனும் கடையெழு வள்ளல்கள் வரிசையில் ஒன்றாகவே நிற்கிறார்கள். ஓரியை வன்பரணர் பாடினார். காரியைக் கபிலர் பாடினார். இருபுறமும் வேல் தூக்கி மடிந்த சாதாரணச் சேவகனை யார் பாடினார்? எஜமானர்கள் மோதினால் எவன் தலை உருளும் என்பதை ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அந்த மலையில் சாமையும் மிளகும் விளைவிப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் உழுதுவரும் வன நிலத்தில் 4 ஹெக்டேர் வரை அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. மனுவை முதலில் பரிசீலிக்க வேண்டியது கிராம சபை. விழா மேடை ஏறும் மந்திரிகளே, அதிகாரிகளே! பட்டா கிடைக்காத குடும்பம் எத்தனை என்று கிராமம் கிராமமாகக் கணக்கெடுங்கள். அடுத்த ஆடியில் மாலையோடு அந்தப் பட்டாக்களையும் மலைக்குக் கொண்டு வாருங்கள்.