தொலைபேசிக்கும் ஒரு பின்னுரித்தாளி

ஊழியர் சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளியின் பெயரை எழுதிக் கொடுக்கிறோம். தொலைபேசிக்குள் இருப்பவற்றுக்கு?

தாய் வெளிநாட்டில் வீட்டு வேலையில், பிள்ளைகள் லயத்தில் அம்மாயியோடு. தாய்க்கு ஏதும் நேர்ந்தால் ஒப்பந்தப் படம், சம்பளப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளுக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் பூட்டிய கணக்கோடு போய்விடும். நட்டஈடு கேட்க அவைதானே சாட்சி? அம்மாயியைப் பாதுகாவலர் என்று நீதிமன்றமே நியமித்தாலும், கடவுச்சொல் தெரியாமல் அவர் என்ன செய்வார்?

கூகுள் கணக்கில் வைத்தவற்றுக்கு வழி உண்டு. நாம் குறிக்கும் 3 முதல் 18 மாத காலத்துக்குக் கணக்கு பாவனையில் இல்லாவிட்டால், நாம் பெயரிட்டவருக்கு அவை கிடைக்கும். 10 பேர் வரை பெயரிடலாம். பேஸ்புக்கிலும் ஒருவரைக் குறிக்கலாம். ஆனால் உள்பெட்டிச் செய்திகளை அவரால் வாசிக்க முடியாது. (வங்கி இரகசிய இலக்கத்தை மட்டும் எவரிடமும் கொடுக்காதீர்கள்.)

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பயணத்துக்கு முன் நடத்தும் பயிற்சியில் இதையும் சொல்லிக்கொடுக்கும்படி நம் சங்கம் கேட்க வேண்டும்.